அளவு ரவுக்கை

எங்க ஆத்தாவுக்குக் கை நுழையவில்லை. சங்கதி அவ்வளவுதான். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மதுரை டவுனில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. பேர் வேண்டாம். தம்பி மகள் கல்யாணத்துக்கு ஆத்தாவுக்குச் சேலை எடுத்தாயிற்று. ரவுக்கை தைக்க நாளில்லை, ரெடிமேடாகவே எடுத்துவிடலாம் என்று மாடிக்குக் கூட்டிப் போனேன். அங்கே நின்ற பிள்ளை ஆத்தாவை மேலும் கீழும் பார்த்து 36 என்றது. (அதுவும் ஏதோ ஒரு பட்டிக்காட்டிலிருந்து விடியக்காலம் பஸ் பிடித்து வந்து நாள் முழுக்க நிற்கிற பிள்ளைதான். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தரணும் என்று 2021ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கு அது யாரும் சொல்லவில்லை போல.) 36 மாரில் சரியாக இருந்தது. கை முழங்கைக்கு மேலே ஏறவில்லை. 38 வந்தது. பாதிக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. 40 போட்டால் கை நுழைந்தது. ஆனால் மாரில் இன்னொரு ஆளை உள்ளே விடலாம் போலத் தொளதொளவென்று கிடந்தது, கழுத்து தோளை விட்டு நழுவியது. மூன்றையும் கழற்றி மடித்துக் கொடுத்துவிட்டு ஆத்தா சொன்னாள்: “என் கைதான்த்தா தப்பா இருக்கு.”

நான் அப்போது என்ன சொன்னேன்? “சரி சரி, வா போவோம், ஆளுக பாக்குறாக” என்றேன். பெண்ணுடல், உடல் அரசியல் என்று மேடையில் பேசுகிறவள் நான். அந்த ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது. கடையைப் பார்த்து அல்ல. ஆத்தாவின் கையைப் பார்த்து.

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி ஊர் வந்து சேரும்வரை நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

அந்தக் கை எப்படி அந்தக் கை ஆனது என்று எனக்குத் தெரியும். பெரியாத்துத் தண்ணி பாயும் மேலூர்ப் பக்கத்து வயக்காட்டில் பத்து வயசிலேயே நாத்துமுடி சுமந்த கை. குனிந்து நட்டு, குனிந்து களையெடுத்து, கருதறுத்து, கட்டைத் தலையில் தூக்கிக் களம் சேர்த்த கை. வயலில் வேலை இல்லாத மாசங்களில் காளவாசலில் கல் சுமந்தது. (மதுரையில் பஸ் நிறுத்தத்துக்குப் பேராக இருக்கிறதே, அந்தக் காளவாசல் இல்லை. நெருப்பும் புகையுமாக இருக்கிற நிஜச் செங்கல் காளவாசல்.) தலைச்சுமை தூக்குகிறவளுக்குத் தோள் அகலும், புஜம் திரளும், முதுகு விரியும். வயித்துக்குப் போதாததால் மாரும் இடுப்பும் அப்படியே நிற்கும். வேலை ஒரு பக்கம் வளர்த்தது, பசி மறுபக்கம் நிறுத்தியது. இப்படி உருவான உடம்புக்குக் கடையில் நம்பர் கிடையாது. கடையின் கணக்குப்படி மார்ச் சுற்றளவு ஒன்று தெரிந்தால் போதும். கையும் தோளும் கழுத்தும் அதற்கேற்ற விகிதத்தில் தானே வந்துவிடும். மார் 36 என்றால் கை இவ்வளவுதான் இருக்கணும். ‘இருக்கணும்’ என்கிற அந்த வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இருக்கு என்பது வேறு, இருக்கணும் என்பது வேறு. துணி உடம்புக்குப் பொருந்தாதபோது உடம்பு தப்பு என்று ஒரு மனுசி தன் வாயால் சொல்கிறாள் என்றால், அந்தத் தீர்ப்பை அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது?

‘அளவு’ என்பது நமக்கு லேசான சொல்லில்லை. “அவுகவுக அளவு தெரிஞ்சு நடந்துக்கணும்.” “இவங்கெ அளவுக்கு மீறிப் போறாங்கெ.” ஊருக்குள் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து போனால் அளவு மீறல். துண்டைத் தோளில் போட்டால் அளவு மீறல். தையக்காரரின் டேப்பைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னாலேயே அளவெடுத்து முடிக்கப்பட்ட சனங்கள் நாம்.

இது வெறும் பேச்சாக இருந்ததில்லை. எழுத்தில் சாட்சி இருக்கிறது. 1930 டிசம்பரில் பக்கத்து ராமநாதபுரம் ஜில்லாவில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 சென்சஸ் கமிஷனராக இருந்த ஜே.எச். ஹட்டன் அவற்றை வரிசையாகப் பதிந்திருக்கிறார். பொன்னும் வெள்ளியும் கூடாது. ஆண்கள் வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. கிராப்பு, குடை, செருப்பு கூடாது. பெண்கள் உடம்பின் மேல்பாகத்தைத் துணியாலோ ரவுக்கையாலோ தாவணியாலோ மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. மீறினவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடு மாடு கொள்ளை போனது. எட்டும் போதவில்லை என்று 1931 ஜூனில் மறுபடி கூடிப் பதினோரு தடைகளைப் போட்டார்கள். அதில் ஒன்று, தண்ணிக்குடம் சுமக்கிற பெண்கள் வைக்கோல் சும்மாடுதான் வைக்கணும், துணிச் சும்மாடு கூடாது. உச்சந்தலைக்கும் குடத்துக்கும் நடுவில் ஒரு கந்தல் துணி! அதைக்கூடவா ஒருத்தன் உட்கார்ந்து யோசித்திருப்பான் என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. அதே பட்டியலில்தான் காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணிவரை வேலை, ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு ரெண்டணா என்பதும் வருகிறது. துணியையும் கூலியையும் ஒரே தாளில் எழுதினவர்களுக்கு விசயம் நன்றாகப் புரிந்திருக்கிறது. நம்மில் சிலருக்குத்தான் ‘துணி கலாச்சாரப் பிரச்சினை, கூலி பொருளாதாரப் பிரச்சினை’ என்று பிரிக்க வருகிறது.

இந்தத் தடைகளில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்பது ரவுக்கையில். சேலைக்கு அளவு கிடையாது. அஞ்சரை மீட்டர் துணி ஒல்லியானவளுக்கும் பருத்தவளுக்கும் ஒன்பது மாசக்காரிக்கும் ஒன்றுபோலச் சுற்றிக்கொள்ளும். ரவுக்கை அப்படியில்லை. குறிப்பிட்ட ஒரு பொம்பளையின் மார் இவ்வளவு, தோள் இவ்வளவு, கை இவ்வளவு என்று ஒருத்தர் கவனித்து வெட்டணும். அப்படிக் கவனிக்க வேண்டிய உடம்பு உனக்கில்லை என்பதும் அந்தத் தடைக்குள் இருந்தது.

எங்க அம்மாச்சி சாகிறவரை ரவுக்கை போடவில்லை. இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது ஒரு தோழர் “ச்சே, என்ன கொடுமை” என்று உச்சுக்கொட்டினார். அவசரப்பட வேண்டாம் தோழர். அந்தக் காலத்தில் எங்கள் சுத்துப்பட்டில் மேல்சாதிக் கிழவிகளும் பலபேர் ரவுக்கை போடாமல்தான் இருந்தார்கள், காதில் தண்டட்டி ஆட, சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு. வேர்த்து ஒழுகுகிற இந்தப் பூமிக்கு அது ஏற்ற உடுப்பும்கூட. மாரை மூடுவதுதான் மானம் என்பதை நான் ஏற்கவில்லை. ஒரு நாள் அம்மாச்சியிடம் நானே கேட்டேன்: “அந்த வீட்டு அப்பத்தாவும் ரவுக்கை போடல, நீயும் போடல. ரெண்டு பேரும் ஒண்ணுதான?” அம்மாச்சி வெத்திலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு சொன்னது: “அவுக போடல. நான் போடக் கூடாது. ரெண்டும் ஒண்ணாடி?”

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. தெற்கே திருவிதாங்கூரில் தோள்சீலைக் கலகம் பல பத்து வருசம் நடந்து, 1859ல் ராஜா உத்தரவு போட்டார். நாடார் பெண்கள் மாரை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மறைக்கிற மாதிரி மறைக்கக் கூடாது என்று. மறைப்பதில் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஒரே மாதிரி மறைப்பதில்தான் பிரச்சினை. 1927 டிசம்பரில் மகாடில் பெண்களிடம் பேசிய அம்பேத்கர், மேல்சாதிப் பெண்கள் கட்டுகிற மாதிரி சேலை கட்டுங்கள், பார்த்தவுடனே சாதி தெரிகிற அடையாளங்களைக் களையுங்கள் என்றார். ‘இது பார்ப்பனர்களைப் போலச் செய்வது ஆகாதா’ என்று கேட்கிற மாணவர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும். போட முடிகிறவள்தான் வேண்டாம் என்று சொல்லவும் முடியும். அம்மாச்சிக்கு அது தெரிந்திருந்தது.

ஆத்தா காலத்தில் ரவுக்கை வந்துவிட்டது. தடை போய்விட்டது என்று சொல்லவில்லை, ரவுக்கை வந்துவிட்டது என்கிறேன். ஊர்த்தெருவில் ஒரு தையக்காரர் இருந்தார். எங்களுக்கும் தைப்பார், காசும் ஒரே காசுதான். ஆனால் டேப்பு எங்கள் மேல் படாது. “அளவு ரவுக்கை கொண்டாந்தியா?” என்பார். முதல் ரவுக்கை தைக்கிறவளுக்கு அளவு ரவுக்கை எங்கிருந்து வரும்? அவர் திண்ணையில் மிசினுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். ஆத்தா கீழே தெருவில் நிற்பாள். ஒரு பார்வை பார்த்துவிட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். டேப்பு கழுத்தில் தொங்கிக்கொண்டே இருக்கும். அப்படிக் கண்ணளவில் தைத்த ரவுக்கை கையைப் பிடித்தது. அடுத்த வருசம் அந்தப் பிடிக்கிற ரவுக்கையையே அளவுக்குக் கொண்டுபோனாள். அதற்கடுத்தது அதன் அளவில். ஒரு மனுசன் தூரத்திலிருந்து ஒரே ஒரு தடவை தப்பாகப் பார்த்தது முப்பது வருசம் எங்க ஆத்தாவின் அளவாக இருந்தது. புஜத்தில் தையல் அழுத்திய இடத்தில் கறுத்த ஒரு வளையம் உண்டு. சின்ன வயசில் அதை ஏதோ காப்புத் தழும்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது எங்க ஊர்க் கதை மட்டுமில்லை. 2001–02ல் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை பற்றி எடுத்த கள ஆய்வு 2006ல் புத்தகமாக வந்தது. தையல்காரர் தலித்துகளைத் தொட்டு அளவெடுக்க மறுப்பதும் அதில் பதிவாகியிருக்கிறது.

டவுனுக்கு வந்தால் அந்த வம்பில்லை. மீனாட்சி கோயிலுக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில், சிலைத் தூண்களுக்கு நடுவே வரிசையாக மிசின் போட்டு உட்கார்ந்திருந்தார்கள் தையக்காரர்கள். இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு சித்திரைத் திருவிழாவுக்கு வந்தபோது ஆத்தாவுக்கு அங்கே ஒரு ரவுக்கை தைத்தோம். யார், எந்த ஊர் என்று கேட்காமல் ஒரு பெரியவர் டேப்பை எடுத்துத் தோளில் வைத்தார். ஆத்தா கூச்சத்தில் சிரித்துவிட்டாள். ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டில் அவள் சொன்னது அழகரைப் பற்றி இல்லை. “அந்தாளு தொட்டு அளந்தாருடி.” அந்த ரவுக்கைதான் அவளுக்குச் சரியாக இருந்தது. ஆனால் ஒரு ரவுக்கைக்காக ஒருநாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்கும் கொடுத்து, திரும்ப வாங்க இன்னொரு நாள் வர எத்தனை பேரால் முடியும்?

அப்புறம் ரெடிமேட் வந்தது. அங்கே சாதி கேட்பதில்லை, காசு இருந்தால் போதும். இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். நம் பெண்கள் கடைக்குள் நுழைந்து துணியைத் தொட்டுப் பார்த்து ‘இது வேண்டாம், அதை எடு’ என்று சொல்வது எனக்குப் பிடித்த காட்சி. ஆனால் ரெடிமேடிலும் ஒருத்தர் அளந்துதான் இருக்கிறார். யாரை அளந்தார்? 1939–40ல் அமெரிக்காவில் விவசாய இலாகா சுமார் 15,000 பெண்களை ஆளுக்கு 59 இடத்தில் அளந்து தர அளவு உண்டாக்கப் பார்த்தது. கணக்கில் எடுத்துக்கொண்டது வெள்ளைப் பெண்களை மட்டும். அதன் மேல் கட்டிய தர அளவு 1958ல் வந்து, யாருக்கும் சரிவராமல் 1983ல் கைவிடப்பட்டது. நம்ம கடை நம்பர் நேராக அங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. ஒரு கூட்டத்தை அளந்து அதையே ‘பெண்’ என்று பேர் வைப்பது எல்லா ஊரிலும் ஒரே புத்தி.

இந்தியாவிலும் நம்மை அளக்காமல் இல்லை. மதராஸ் மியூசியத்து எட்கர் தர்ஸ்டன் சாதி சாதியாகப் பிடித்து நிறுத்தி மூக்கையும் மண்டையையும் அளந்தார். 1909ல் ஏழு பாகமாகப் புத்தகம் வந்தது. அந்த அளவை வைத்து ஒருத்தருக்கும் ஒரு சட்டை தைத்துக் கொடுத்ததாகத் தெரியவில்லை. பிறகு 2018ல், இந்திய உடம்புக்கென்று சொந்த அளவு வேண்டும் என்று மத்திய ஜவுளித்துறையின் கீழ் நிஃப்ட் நிறுவனம் ஒரு திட்டத்தை அறிவித்தது. 15 வயசிலிருந்து 65 வரை 25,000 பேரை அளப்பது. ஊர்கள்: டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூர், ஷில்லாங். நல்ல காரியம்தான், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆறும் நகரம். தென்னாட்டுக்குப் பெங்களூர். நாத்துக்கட்டுத் தூக்குகிறவள் அந்த வரிசையில் எங்கே நிற்பாள்? அளப்பது ஸ்கேனர் மிசின், ஆளைத் தொடாமலே அளந்துவிடும் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். தொடாமல் அளக்கிற வித்தை எங்களுக்குப் புதுசில்லை.

இதை ஒரு தோழரிடம் பேசினேன். அவர் சொன்னார்: “இது மார்க்கெட் பிரச்சினை. பார்ப்பனப் பெண்ணுக்கும் ரெடிமேட் பொருந்தாது. எல்லாத்துக்கும் சாதியைக் கொண்டுவராதீங்க.” அவர் சொல்வதில் பாதி சரி. எல்லாப் பெண்களுக்கும் கடைக் கண்ணாடி ஒரு தண்டனைதான். அந்தப் பெண்ணும் தன் உடம்பைத்தான் திட்டிக்கொள்கிறாள், வயிறு குறைய விடியக்காலம் நடக்கிறாள், சோற்றைக் குறைக்கிறாள். அவளிடம் ‘குறை’ என்கிறார்கள். எங்க ஆத்தா கையை எதைக் குறைத்துக் குறைப்பது? சோற்றையா, வேலையையா? சோறு ஏற்கனவே குறைச்சல். வேலையைக் குறைத்தால் சோறு இல்லை.

நம் பெண்கள் இதற்குக் கண்டுபிடித்த பதில் நைட்டி. ஃப்ரீ சைஸ். கை நுழையும், தோள் நுழையும், கர்ப்பமும் நுழையும். மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தண்ணிக்கும் ரேசனுக்கும் போய் வந்துவிடலாம். நம் தோழர்களே கிண்டல் செய்கிறார்கள், கவிதையில்கூட. 2018ல் ஆந்திராவில் தோகலப்பள்ளி என்கிற ஊரில் பகலில் நைட்டி போட்டால் 2,000 ரூபாய் அபராதம் என்று பெரியவர்கள் கூடி முடிவெடுத்தார்கள், காட்டிக்கொடுத்தால் 1,000 பரிசு. அளவில்லாத உடுப்பைக் கண்டால் ஊருக்கு அளவு மீறிப் போன மாதிரி இருக்கும் போல.

இன்னொன்று, சும்மா சொல்லி வைக்கிறேன். ரவுக்கைக்கு உள்ளே போடுவதற்கு நம் பெண்கள் ‘பாடி’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். பெரியாஸ்பத்திரி வாசலில் பிணத்துக்கும் ‘பாடி’. உயிரோடு நடமாடுகிற உடம்புக்குத்தான் அந்தச் சொல் வரவில்லை.

நான் வெட்கப்பட்டதற்கு வருகிறேன். அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். கடையில் எனக்கு எடுக்கும்போது சிக்கலே வருவதில்லை. மீடியம் கேட்பேன், போடுவேன், சரியாக இருக்கும். கடை சொல்கிற விகிதத்தில்தான் என் கை இருக்கிறது. அது எப்படி? நான் ஒரு நாத்துக்கட்டுத் தூக்கியதில்லை. தூக்க விட்டதில்லை. நடவு நாளில் நானும் வருகிறேன் என்று வரப்பில் இறங்கியபோது “போய்ப் படி” என்று சேற்றுக் கையால் முதுகில் ஒன்று வைத்தாள். அவள் கை அவ்வளவு பெருத்ததால்தான் என் கை இவ்வளவு மெலிசாக, கடைக்குப் பொருந்துகிற கையாக இருக்கிறது. அந்தப் பொருந்துகிற கையை வைத்துக்கொண்டு நான் அவள் கையைப் பார்த்து வெட்கப்பட்டேன். படித்து வெளியே வந்த நாம் எல்லோரும் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். நமக்கு எது எது பொருந்துகிறது, அது யார் தோளை அகலமாக்கிப் பொருந்தியது என்று.

கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருந்தது. சேலையோடு வந்த ரவுக்கைத் துணியை எடுத்துக்கொண்டு எங்க தெருவிலேயே மிசின் வைத்திருக்கிற மதினியிடம் போனோம். ஆத்தா வழக்கம்போல மடியிலிருந்து அளவு ரவுக்கையை எடுத்தாள். மதினி அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு எழுந்து கதவைச் சாத்தியது. “அத்தே, கட்டுத் தூக்குவீகள்ல, அப்பிடிக் கையத் தூக்குங்க” என்றது. கையைத் தொங்கவிட்டு அளப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். தூக்கின கையில் டேப்பைச் சுற்றி, “எங்க இறுக்குது? இங்கயா? கம்மக்கூட்டுலயா?” என்று கேட்டுக் கேட்டு எழுதியது. புஜம் பதினாலே முக்கால். கைக்குழிக்கு அடியில் ஒரு ஒட்டுத்துணி வைத்துத் தைக்கணும், அப்போதுதான் தூக்கினால் ஏறாது என்றது. கூலி வாங்க மாட்டேன் என்றதுக்கு ஆத்தா சண்டை போட்டுக் கையில் திணித்தாள்.

கிளம்பும்போது ஆத்தா, அந்த நம்பரெல்லாம் எழுதின தாளைக் கிழித்துக் கேட்டாள். “எதுக்கு அத்தே, நோட்டுல கெடக்கட்டுமே” என்றது மதினி. இல்லை, வேணும் என்றாள். நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வெத்திலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அடுத்த தடவை டவுனுக்குப் போனால் அந்தக் கடைப் பிள்ளையிடம் காட்டணுமாம். “அதுக்கு என்ன தெரியும், பாவம். நம்பர் தெரியாமத்தான முழிச்சுச்சு.”